சுண்டெலி ஐஎல்-6 அளக்க டியோசெட் எலைசா: யாருக்கு லாபம், எங்கே சறுக்கும்

ஐஎல்-6 என்பது அழற்சியின்போது செல்கள் வெளிவிடும் சமிக்ஞைப் புரதம், அதாவது ஒரு சைட்டோகைன். அதை ஆன்டிபாடியால் பிடித்து, நிறமாக மாற்றி அளக்கும் சோதனை எலைசா. ஆர் அண்ட் டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டியோசெட் வரிசையில் சுண்டெலி ஐஎல்-6 கிட்டின் எண் டிஒய்406. இதை முழு எலைசா கிட் என்று நம்பி வாங்குபவர் பெட்டியைத் திறந்ததும் திகைத்துப்போவார். உள்ளே சிறு குழிகள் (வெல்) கொண்ட பிளேட் இல்லை, வாஷ் பஃபர் இல்லை, நிறம் தரும் டிஎம்பி இல்லை, நிறமாற்றத்தை நிறுத்தும் ஸ்டாப் சொல்யூஷனும் இல்லை. இருப்பது நான்கே பொருள்: ஐஎல்-6-ஐப் பிடிக்கும் கேப்சர் ஆன்டிபாடி, பிடிபட்டதன் மேல் ஒட்டும், பயோட்டின் சேர்த்த டிடெக்ஷன் ஆன்டிபாடி, தூளாக உலர்த்திய ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஐஎல்-6), பயோட்டினைப் பற்றிக்கொண்டு டிஎம்பியை நிறமாக்கும் நொதியான ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி. மற்றதெல்லாம் நம் தலையில்.

ஆனால் அந்த நான்கும் 96 வெல் பிளேட் 15-க்குப் போதும். ஒரு பிளேட்டில் ஏழு ஸ்டாண்டர்டும் ஐஎல்-6 இல்லாத ஒரு பிளாங்க்கும் இரட்டையாகப் போட்டால் 16 வெல் போய்விடும். மீதி 80 வெல்லில் 40 சாம்பிளை இரட்டையாக வைக்கலாம். 15 பிளேட்டுக்கு 600 சாம்பிள். அதே நிறுவனத்தின் குவான்டிகைன் கிட்டில் ஆன்டிபாடி பூசிய பிளேட்டே தயாராக வரும், ஒரு நாளில் முடியும். ஆனால் ஒரு பிளேட் கிட் 40 சாம்பிளோடு தீர்ந்துவிடும். ஒரே சைட்டோகைனை நூற்றுக்கணக்கான சாம்பிளில் பார்க்கிற ஆய்வகத்துக்கு டியோசெட் மாதிரி கட்டுப்படியாகிற பொருள் வேறு கிடையாது. வருஷத்துக்கு ஒரு பிளேட் போடுகிறவர்கள் இதை வாங்கவே கூடாது. ஒருமுறை கரைத்த ஆன்டிபாடி ஃபிரிட்ஜில் 60 நாள்தான் தாங்கும். பாதி கிட் குப்பைக்குப் போகும்.

அளக்கும் எல்லை 15.6 முதல் 1000 பிகோகிராம்/மி.லி. வரை. செல் கல்ச்சர் மேல்திரவத்துக்கு (செல் வளர்த்த திரவத்துக்கு) இது கச்சிதம். கிட்டே அதற்காகத்தான் செய்யப்பட்டது. சீரம், பிளாஸ்மா, திசுச் சாறு என்று போனால் சரியாக வேலை செய்கிறதா என்று நாமே சோதித்து நிரூபிக்க வேண்டும். பலர் கிட்டோடு வரும் தாளின் இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். டியோசெட்டைப் பற்றிக் காதில் விழும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

பிளேட் போடும் நாள்

முதல் நாள் மாலை கோட்டிங், அதாவது பிளேட்டில் ஆன்டிபாடி பூசுவது. கேப்சர் ஆன்டிபாடியைப் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசலில்) கலந்து வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மூடி ஒட்டி, இரவு முழுக்க அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு செறிவு என்பது லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். பெட்டியோடு வரும் பகுப்பாய்வுத் தாளில் அந்த லாட்டுக்கான எண் இருக்கும். போன லாட்டின் எண்ணை நோட்டுப் புத்தகத்திலிருந்து பார்த்துக் கலக்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கோட்டிங் பிபிஎஸ்ஸில் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) துளியும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடத்தில் ஆல்புமின் உட்கார்ந்துவிடும், ஸ்டாண்டர்டுகளின் நிறத்தை வைத்து வரையும் கர்வ் முழுக்கத் தட்டையாகப் படுத்துவிடும். பிளேட்டும் புரதத்தை நன்றாகப் பிடிக்கிற மேக்ஸிசார்ப் போன்ற எலைசா வகையாக இருக்க வேண்டும். அலமாரியில் சும்மா கிடக்கிறதே என்று செல் கல்ச்சர் பிளேட்டை எடுத்தால் காசும் போச்சு, நாளும் போச்சு.

மறுநாள் காலை மூன்று வாஷ், ஒவ்வொன்றிலும் வெல்லுக்கு 400 மைக்ரோலிட்டர். பிபிஎஸ்ஸில் 0.05 சதவீதம் ட்வீன்-20 என்ற சோப்புப்பொருள் சேர்த்ததுதான் வாஷ் பஃபர். பிறகு 1 சதவீத பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ் 300 மைக்ரோலிட்டர் ஊற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் பிளாக்கிங், அதாவது பிளாஸ்டிக்கின் மீதி இடத்தை மூடுவது. இந்த பிஎஸ்ஏ கரைசலை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டியே பயன்படுத்த வேண்டும். அதன் பின் சாம்பிள் 100 மைக்ரோலிட்டர், 2 மணி. டிடெக்ஷன் ஆன்டிபாடி 2 மணி. ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி வெளிச்சம் நேரடியாகப் படாமல் 20 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே மூன்று வாஷ். கடைசியில் டிஎம்பி 100 மைக்ரோலிட்டர் 20 நிமிடம், அதன் மேல் 2 நார்மல் கந்தக அமிலம் 50 மைக்ரோலிட்டர்.

ஒரு எச்சரிக்கை. பஃபர் கெடாமல் இருக்கட்டும் என்று சோடியம் அசைடு போட்டு வைக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. அசைடு எச்ஆர்பியை முடக்கிவிடும். பிளேட் முழுக்க வெள்ளையாகவே நின்றால் முதலில் பஃபர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள்.

வாஷில்தான் இந்தக் கிட் வாழும், அங்கேதான் சாகும். மல்டிசேனல் பைப்பெட்டால் கையில் வாஷ் செய்தாலும் போதும், மெஷின் கட்டாயமில்லை. ஊற்றிய பஃபரைச் சிங்க்கில் ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டு, நாலைந்தாக மடித்த டிஷ்யூ பேப்பரில் பிளேட்டைத் தலைகீழாக ஓங்கித் தட்ட வேண்டும். பயந்து பயந்து தட்டினால் அடியில் ஒரு படலம் நின்றுவிடும், அடுத்து ஊற்றுவது அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். தட்டிய பிளேட்டை அப்படியே வைத்துவிட்டு டிடெக்ஷன் ஆன்டிபாடி கலக்கப் போகக் கூடாது. மூன்று நான்கு நிமிடத்தில் ஓரத்து வெல்கள் காயத் தொடங்கும், காய்ந்த வெல் கண்டபடி நிறம் காட்டும். அடுத்த கரைசலை முன்கூட்டியே கலந்து தொட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டு, பிறகே கடைசி வாஷைக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் புது ஒட்டுத்தாள். பழையதைத் திருப்பி ஒட்டினால் ஒரு வெல்லின் துளி பக்கத்து வெல்லுக்குத் தாவும்.

வெப்பநிலையும் சும்மா விடாது. தாளில் அறை வெப்பம் என்று எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரி அளவை. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை வெப்பம் அது அல்ல. 33 டிகிரியில் டிஎம்பி விறுவிறுவென்று ஏறும், பிளாங்க்கும் சேர்ந்து நீலம் கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை உடனே ஊற்றினாலோ, பிளேட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலோ ஓரத்து வெல்கள் சீக்கிரம் சூடாகி, நடுவில் உள்ளவற்றைவிட அதிக நிறம் காட்டும். கட்டுப்பாட்டு எலிகளை எல்லாம் முதல் வரிசையிலும் நோய்க் குழுவை நடுவிலும் வைக்கும் வழக்கத்தை இதற்காகவே விட வேண்டும். குழுக்களைக் கலந்து வையுங்கள்.

டிஎம்பி ஊற்றிய முதல் ஐந்து நிமிடம் பிளேட்டை விட்டு நகரக் கூடாது. 1000 ஸ்டாண்டர்ட் முதலில் நீலமாகும், பின்னாலேயே 500, 250 என்று படிக்கட்டாக இறங்கி வரும். பிளாங்க் கண்ணாடி போலத் தெளிவாக நிற்க வேண்டும். பிளாங்க் நீலம் காட்டத் தொடங்கினால் வாஷ் போதவில்லை, இல்லையென்றால் எச்ஆர்பி அதிகம். அமிலம் ஊற்றியதும் நீலம் மஞ்சளாக வேண்டும். சில வெல் பச்சையாக நின்றால் அமிலம் முழுக்கக் கலக்கவில்லை என்று பொருள். பிளேட்டின் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தட்டினால் சரியாகும். உடனே 450 நானோமீட்டரில் படித்து, 540 அல்லது 570-இல் படித்ததைக் கழிக்க வேண்டும். பிளேட்டின் கீறல், விரல் ரேகை எல்லாம் இந்தக் கழித்தலில்தான் போகும். ரீடரில் அந்த ஃபில்டர் இல்லையென்றால் அடிப்பக்கத்தையாவது துடைத்துவிட்டுப் படியுங்கள்.

ஸ்டாண்டர்டில் விழும் பிழை

சாம்பிளில் ஏற்படும் பிழை அந்தச் சாம்பிளோடு போகும். ஸ்டாண்டர்டில் ஏற்படும் பிழை 40 சாம்பிளையும் இழுத்துக்கொண்டு போகும். உலர்ந்த தூள் குப்பியின் மூடியிலும் ஒட்டியிருக்கும். திறக்கும் முன் ஒருமுறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி இறக்குவது நல்லது. கரைத்தபின் சிறிது நேரம் மெதுவாக ஆட்டி வைக்க வேண்டும். வோர்டெக்ஸில் நுரை கட்ட அடித்தால் புரதம் கெடும்.

1000, 500, 250, 125, 62.5, 31.3, 15.6 என்று பாதி பாதியாக இறக்கும்போது 500 மைக்ரோலிட்டர் எடுத்து 500-இல் ஊற்றுகிறோம். பைப்பெட் 500 காட்டி 475 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் பாதிக்குப் பதிலாக 0.487 மடங்கு ஆகும். ஆறு படி இறங்கியதும் 15.6 என்று நாம் எழுதும் குழாயில் உண்மையில் இருப்பது சுமார் 13.4. அந்தப் பகுதியில் விழும் சாம்பிள் எல்லாம் ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாகப் படிக்கும். ஸ்டாண்டர்ட் வரிசை என்னவோ அழகான வளைவாகவே வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் புது டிப், ஒவ்வொரு குழாயிலும் ஏழெட்டு முறை மேலும் கீழும் உறிஞ்சிக் கலக்குவது, வருஷத்துக்கு இரண்டு முறையாவது பைப்பெட்டைத் தராசில் தண்ணீர் வைத்துச் சரிபார்ப்பது. இந்த மூன்றும் இல்லாமல் இந்தக் கிட்டைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கர்வை எக்செலில் நேர்க்கோடாகப் போட்டு ஆர் ஸ்கொயர் 0.98 என்று திருப்திப்படுவதும் வேண்டாம். எஸ் வடிவ வளைவாகப் போடும் நான்கு அளபுரு லாஜிஸ்டிக் பொருத்தம்தான் சரி. நேர்க்கோடு கீழ்ப்பகுதியில் பொய் சொல்லும், சுண்டெலி சீரம் பெரும்பாலும் விழுவதோ அந்தக் கீழ்ப்பகுதியில்.

சீரம் என்று வந்தால்

25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மி.லி.க்குள்தான். உயிரோடு விட்டுவிடும் எலியிடமிருந்து ஒருமுறைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது 150 முதல் 200 மைக்ரோலிட்டர் ரத்தம், அதிலிருந்து நல்லபடியாக வந்தால் 70 மைக்ரோலிட்டர் சீரம். நான்கு மடங்கு நீர்த்து இரட்டை வெல்லில் 100 மைக்ரோலிட்டர் வீதம் போட, பைப்பெட் இழப்பையும் சேர்த்து 220 மைக்ரோலிட்டர் வேண்டும். அதில் 55 சீரம். ஒரு சைட்டோகைனோடு எலியின் ரத்தம் தீர்ந்தது.

டியோசெட்டின் பெரிய பலம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. பிளேட் நம் கையில் இருப்பதால் அரைப்பரப்பு வெல் கொண்ட 96 வெல் பிளேட்டை எடுத்துக்கொள்ளலாம். கோட்டிங், சாம்பிள், டிடெக்ஷன், டிஎம்பி எல்லாம் 50 மைக்ரோலிட்டர், பிளாக்கிங் 150, அமிலம் 25. பரப்பும் கொள்ளளவும் ஒன்றாகப் பாதியாவதால் திரவத்தின் உயரம் மாறாது. ஒளி கடக்கும் தூரமும் மாறாது, ஓடி (ஒளி உறிஞ்சும் அளவு) மதிப்பும் விழாது. இப்போது அதே இரட்டை வெல்லுக்குச் சுமார் 28 மைக்ரோலிட்டர் சீரம் போதும். ஒரே எலியில் ஐஎல்-6, இன்னொரு அழற்சி சைட்டோகைனான டிஎன்எஃப் இரண்டையும் பார்க்கலாம், ஆன்டிபாடியும் இரட்டிப்பு பிளேட்டுக்கு வரும். தயார் பிளேட் கிட்டில் இதைச் செய்ய வழியில்லை. வாஷ் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும், குறுகிய வெல்லில் குமிழி சிக்கிக்கொள்ளும்.

ரத்தத்தை உறைய விட்டு 2000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றி, சீரத்தை உடனே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்க வேண்டும். ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு குழாய். உருக்கி உறைய வைத்து மறுபடி உருக்கினால் அளவு மாறும். சீரம் ரோஜா நிறத்தில் இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. அதைத் தனியாகக் குறித்துவைத்து, மதிப்பு விலகி நின்றால் காரணம் அங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். எலிகளில் பாதிக்குச் சீரம், மீதிக்குப் பிளாஸ்மா என்று கலந்து எடுக்க வேண்டாம்.

எத்தனை மடங்கு நீர்ப்பது என்பது எலியைப் பொறுத்தது. எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருள்) வயிற்றில் ஏற்றினால் டிஎன்எஃப் ஒன்று, ஒன்றரை மணியில் உச்சத்துக்குப் போய் வேகமாக இறங்கிவிடும். ஐஎல்-6 அதற்குப் பின்னால் 2 முதல் 4 மணிக்குள் உச்சம் தொடும். ஆறு மணி கழித்து ரத்தம் எடுத்துவிட்டு டிஎன்எஃப் கிட் வேலை செய்யவில்லை என்பது கிட்டின் குற்றமல்ல. அந்த உச்சத்தில் ஐஎல்-6 பத்தாயிரக்கணக்கான பிகோகிராமில் இருக்கும், 50 அல்லது 100 மடங்கு நீர்த்தாலும் சில சமயம் மேலே முட்டும். மருந்து தொடாத எலியிலோ நான்கு மடங்கு நீர்த்தால் கர்வுக்குக் கீழே போய்விடும். அந்த எலிகளுக்கு 3 பிகோகிராம், 5 பிகோகிராம் என்று மென்பொருள் எதையாவது எண் போட்டுத் தரும். அதை அப்படியே வரைபடத்தில் ஏற்றக் கூடாது, எல்லைக்குக் கீழ் என்றே எழுத வேண்டும். கொழுப்புணவில் வளர்த்த எலியின் மெல்லிய அழற்சியைச் சீரம் ஐஎல்-6-இல் காட்ட இந்தக் கிட்டை வாங்குவது வீண்.

சீரத்தில் பயன்படுத்தும் முன் இரண்டு சோதனை கட்டாயம். தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை எலிச் சீரத்தில் சேர்த்துப் படியுங்கள், 80 முதல் 120 சதவீதம் திரும்பி வர வேண்டும். அதிக மதிப்புள்ள ஒரு சாம்பிளை 4, 8, 16, 32 மடங்கு நீர்த்துப் படித்துப் பெருக்கிப் பாருங்கள், நான்கும் ஒரே எண்ணுக்கு வர வேண்டும். நீர்க்க நீர்க்க மதிப்பு ஏறினால் சீரத்தில் ஏதோ ஒன்று பிணைப்பைத் தடுக்கிறது, அந்த மடங்கைத் தாண்டியே வேலை செய்ய வேண்டும்.

சில எலிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எம்ஆர்எல்/எல்பிஆர் போன்ற தன்னெதிர்ப்பு எலிகளின் சீரத்தில் ருமட்டாய்டு காரணி (ஆன்டிபாடியையே பற்றும் ஆன்டிபாடி) உண்டு. அது இரண்டு ஆன்டிபாடிக்கும் நடுவே பாலம் போட்டு, ஐஎல்-6 இல்லாமலே நிறம் காட்ட வைக்கும். சாம்பிளை நீர்க்கும் கரைசலில் சம்பந்தமில்லாத ஐஜிஜி ஆன்டிபாடி சேர்த்துப் படித்தால் உண்மை தெரியும். ஐஎல்-6-ஐ முடக்கும் ஆன்டிபாடி ஏற்றிய எலியில் எதிர்ச் சிக்கல். ரத்தத்தில் சுற்றும் மருந்தே ஐஎல்-6-ஐப் போர்த்திக்கொண்டிருக்கும், பிளேட்டில் அது சிக்காது. அங்கே வரும் குறைந்த எண்ணை மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நுரையீரல், கல்லீரல், குடல் என்று திசுவில் பார்ப்பவர்கள் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் முறைக்கு) ஆர்ஐபிஏ பஃபரில் செய்த சாற்றையே எலைசாவில் ஊற்றுவதைப் பார்க்கிறோம். அதிலுள்ள எஸ்டிஎஸ் ஆன்டிபாடியின் பிடியைத் தளர்த்தும், டிடிடி இருந்தால் ஆன்டிபாடியையே பிரித்துப்போடும். பிபிஎஸ்ஸில் 0.5 முதல் 1 சதவீதம் ட்ரைட்டன் எக்ஸ்-100, புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்து அரைத்து, ஐந்து மடங்காவது நீர்த்துப் போடுங்கள். பிசிஏ புரதச் சோதனையில் மொத்தப் புரதம் பார்த்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை பிகோகிராம் என்று சொல்ல வேண்டும்.

ஐஎல்-1பீட்டா வாங்குபவர்களுக்கு

அதே டியோசெட் வரிசையில் டிஎன்எஃப் (டிஒய்410), ஐஎல்-1பீட்டா (டிஒய்401) கிட்டுகளும் உண்டு. டிஎன்எஃப் நல்ல கிட், மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். ஐஎல்-1பீட்டாவில் குறை வந்தால் பெரும்பாலும் செல்லில் தேட வேண்டும். எலும்பு மஜ்ஜை மேக்ரோஃபேஜுக்கு எல்பிஎஸ் மட்டும் கொடுத்தால் முன்வடிவப் புரதம் செல்லுக்குள்ளேயே நிற்கும். வெளியே வர ஏடிபி 5 மில்லிமோலாரோ நைஜெரிசினோ போல் இரண்டாவது தூண்டல் வேண்டும். அது இல்லாமல் மேல்திரவத்தில் தேடினால் பிளேட் வெறிச்சென்றுதான் இருக்கும். செத்த செல்லிலிருந்து கசியும் முன்வடிவமும் எலைசாவில் ஓரளவு படிக்கப்படலாம். இன்ஃப்ளமசோம் (ஐஎல்-1பீட்டாவை வெட்டி முதிரவைக்கும் செல் அமைப்பு) பற்றி எழுதுகிறவர் முதிர்ந்த வடிவத்தின் 17 கிலோடால்டன் பட்டையை வெஸ்டர்ன் பிளாட்டில் காட்டாமல் எலைசா எண்ணை மட்டும் வைத்து வாதாடக் கூடாது.

வேறு எதை வாங்கலாம்

சாம்பிள் குறைவு, சைட்டோகைன் அதிகம் என்றால் ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளால் அளக்கும், பிடி நிறுவனத்தின் சிபிஏ சுண்டெலி அழற்சி கிட் நல்ல வழி. 50 மைக்ரோலிட்டரில் ஐஎல்-6, ஐஎல்-10, எம்சிபி-1, இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப், ஐஎல்-12பி70 என்று ஆறும் வரும். ஸ்டாண்டர்ட் 20 முதல் 5000 பிகோகிராம்/மி.லி. வரை. மணிகளைப் படிக்க ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியும் அதை ஒழுங்காகச் செட் செய்யத் தெரிந்தவரும் வேண்டும். அழற்சி கிட் என்று பெயர் இருந்தும் ஐஎல்-1பீட்டா அதில் இல்லை, பெட்டி வந்தபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. நுண்மணி, சாம்பிள், டிடெக்ஷன் ஆன்டிபாடி மூன்றும் ஒன்றாக 2 மணி நேரம் ஊறுவதால் மிக அதிகச் செறிவில் ஹூக் விளைவு வரும், அதாவது நிறைய இருந்தும் குறைவாகப் படிக்கும். எல்பிஎஸ் ஏற்றிய எலியின் நீர்க்காத சீரம் குறைவாகப் படித்து ஏமாற்றலாம். சந்தேகமான சாம்பிளை 10 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். 200 ஜி-யில் சுற்றியபின் மேல்திரவத்தை உறிஞ்சும்போது நுண்மணிகளையும் சேர்த்து உறிஞ்சிவிடுவது புதியவர்கள் கையில் அடிக்கடி நடக்கும்.

எம்எஸ்டி-யின் வி-பிளெக்ஸ் சுண்டெலிப் பேனலில் ஐஎல்-1பீட்டா உட்பட பத்து சைட்டோகைன் ஒரே வெல்லில் கிடைக்கும், கீழ் எல்லையும் எலைசாவைவிட நன்றாக இறங்கும். அந்த நிறுவனத்தின் ரீடர் அருகில் எங்காவது இருந்தால் மட்டுமே யோசிக்கலாம். மருந்து தொடாத எலியின் சீரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் இதுதான் நம் பரிந்துரை.

எதை வாங்கினாலும் ஒரு ஆய்வின் நடுவில் கிட்டை மாற்றாதீர்கள். ஆன்டிபாடி ஜோடியும் ஸ்டாண்டர்டும் வேறு, ஒன்றின் 200 பிகோகிராம் இன்னொன்றின் 200 ஆகாது. டியோசெட்டிலேயே ஆய்வு முழுக்கத் தேவையான பெட்டிகளை ஒரே லாட்டில் கேட்டு வாங்குங்கள். இறக்குமதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் நமக்கு இரண்டாவது பெட்டி அதே லாட்டில் வரும் என்ற உறுதியில்லை. லாட் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், மைனஸ் 80-இல் எடுத்துவைத்த அதே இரண்டு மூன்று சாம்பிளைப் பழைய லாட்டின் கடைசி பிளேட்டிலும் புது லாட்டின் முதல் பிளேட்டிலும் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு எலியின் சீரத்தை ஆய்வு தொடங்கும் நாளிலேயே 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து ஒதுக்கிவையுங்கள்.